கண்ணாடி மேல் 100 நானோமீட்டர்: வெற்றிடப் பூச்சை முதன்முதலாகச் செய்பவர்களுக்கு முழு வழிகாட்டி

பழைய பைனாகுலர் ஒன்று வீட்டில் இருந்தால் ட்யூப்லைட்டுக்குக் கீழே கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். லென்ஸில் தெரியும் விளக்கின் பிம்பம் வெள்ளையாக இருக்காது, நாவல்பழச் சாறு பட்ட மாதிரி லேசான ஊதாவாக இருக்கும். அந்த ஊதா கண்ணாடியின் நிறம் இல்லை. கண்ணாடிமேல் சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் மெக்னீசியம் ஃபுளோரைடு பூசியிருக்கிறார்கள். தலைமுடியை விட ஐந்நூறு, ஆயிரம் மடங்கு மெல்லிய படலம் அது.

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கோ ஆராய்ச்சிக்கோ ஒரு கோட்டிங் யூனிட்டின் முன்னால் முதல்முறையாக நிற்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு படலங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ஒளி திரும்பி வராமல் தடுக்கும் மெக்னீசியம் ஃபுளோரைடு. இன்னொன்று அலுமினியம், அது கண்ணாடிமேல் போனால் ஆடி, குறைகடத்திமேல் போனால் மின்முனை. இரண்டையும் ஒரே இயந்திரத்தில், வெற்றிடத்தில் பொருளைச் சுட்டு ஆவியாக்கிப் பூசலாம். ஆவியாக்கும் வேலை இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் நீங்கள் செலவழிக்கும் நாலு மணி நேரம்தான் படலம் நிற்குமா உரியுமா என்பதைத் தீர்மானிக்கிறது, அதனால் அந்த நாலு மணி நேரத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் பேப்பரில் கணக்கு

சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52. காற்றிலிருந்து அதில் விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பிலும் 4.3 சதவீதம் திரும்பிப் போகும். ஒரு லென்ஸுக்கு இரண்டு பரப்பு, ஒரு கேமராவில் ஆறு ஏழு லென்ஸ் என்றால் எவ்வளவு ஒளி வீணாகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். வீணாவதோடு விடாது, உள்ளேயே அங்குமிங்கும் பட்டுத் தெறித்துப் படத்தையும் வெளிறச் செய்யும்.

இதற்கு மருந்து 1886-லேயே தற்செயலாகக் கண்ணில் பட்டது. நாள்பட்டு மங்கிய கண்ணாடி, புதுக் கண்ணாடியை விட அதிக ஒளியை உள்ளே விடுகிறது என்று லார்டு ரேலி கவனித்தார். காரணம், மேலே தானாக உருவாகியிருந்த மெல்லிய படலம். அதை வேண்டுமென்றே வெற்றிடத்தில் பூசும் முறையை 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா உருவாக்கினார்.

தத்துவம் எளிது. படலத்தின் மேல்பரப்பிலிருந்து திரும்பும் அலையும் கீழ்ப்பரப்பிலிருந்து திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழிக்க வேண்டும். அதற்குப் படலத்தின் தடிமன், படலத்துக்குள் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். கண் நன்றாக உணரும் பச்சை, 550 நானோமீட்டர். மெக்னீசியம் ஃபுளோரைடின் ஒளிவிலகல் எண் 1.38. 550-ஐ 4 பெருக்கல் 1.38-ஆல் வகுத்தால் 99.6. நூறு நானோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

முழுதாக அழிய வேண்டுமென்றால் படலத்தின் ஒளிவிலகல் எண் 1.52-இன் வர்க்கமூலமாக, அதாவது 1.23 ஆக இருக்க வேண்டும். அவ்வளவு குறைவான எண்ணும் வேண்டும், தேய்த்தால் போகாத கடினமும் வேண்டும் என்றால் பொருள் கிடைக்காது. 1.38-ஐ வைத்துக்கொண்டு 4.3 சதவீதத்தை 1.3 ஆகக் குறைக்கிறோம். பச்சை நன்றாக அடங்கிவிட, சிவப்பும் நீலமும் மட்டும் கொஞ்சம் திரும்பி வருகின்றன. இரண்டும் சேர்ந்ததுதான் பைனாகுலரில் பார்த்த ஊதா.

அடுத்து, எவ்வளவு பொருள் போட வேண்டும்? இதைக் கணக்குப் போடாமல் போட் (பொருளை வைத்துச் சுடும் சின்ன உலோகத் தட்டு) நிறைய அள்ளிக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். போட்டுக்கு நேர் மேலே 20 செ.மீ. உயரத்தில் கண்ணாடி இருக்கிறது என்று வையுங்கள். தட்டையான போட்டிலிருந்து ஆவி மேல்பக்கம் மட்டும் போகும். தேவையான எடை என்பது பை (π), அடர்த்தி, உயரத்தின் வர்க்கம், தடிமன் நான்கின் பெருக்கல். 3.14 × 3.18 × 400 × 0.00001 செ.மீ. என்று போட்டால் 0.04 கிராம் வரும். வெறும் 40 மில்லிகிராம்! கையிருப்புக்கு இரண்டு மடங்கு போட்டாலும் 80 தான். அலுமினியத்தைப் போட்டில் வைக்காமல் கம்பிச்சுருளில் மாட்டிச் சுடுவதால் ஆவி எல்லாப் பக்கமும் போகும், பையை நாலால் பெருக்க வேண்டும். 100 நானோமீட்டருக்கு 136 மில்லிகிராம் வரும். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் கம்பியில் ஆறரை செ.மீ. வெட்டினால் சரியாக இருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். நடுவிலிருந்து 5 செ.மீ. தள்ளி வைத்த கண்ணாடிக்கு, போட்டிலிருந்து பூசும்போது, நடுவில் உள்ளதை விட 11 சதவீதம் குறைவாகத்தான் படலம் ஏறும். ஒரே மாதிரி நாலு சாம்பிள் வேண்டுமென்றால் நாலையும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் வட்டமாக வையுங்கள், வரிசையாக வைக்காதீர்கள்.

கழுவுதல்

கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் கண்ணாடி சுத்தமான கண்ணாடி இல்லை. புதுப் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்லைடிலும் எண்ணெய்ப் பசை இருக்கும்.

முதலில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை. சோப்புக் கரைசலில் பஞ்சை நனைத்து, லேசாக அழுத்தி, ஒரே திசையில் தேயுங்கள். குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். அப்புறம் காய்ச்சி வடித்த நீர். கண்ணாடியைச் செங்குத்தாகப் பிடித்துத் தண்ணீர் வழிவதைப் பாருங்கள். தண்ணீர் ஒரே தகடாக, கிழியாமல் இறங்கினால் நல்லது. தாமரை இலையில் உருள்வதுபோல எங்காவது திட்டுத்திட்டாகப் பிரிந்தால் அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது, மறுபடி சோப்பிலிருந்து தொடங்குங்கள். இரண்டு தடவை திரும்பப் போனாலும் பரவாயில்லை.

அடுத்து அசிட்டோனில் போட்டு அல்ட்ராசானிக் தொட்டியில் 10 நிமிடம். அசிட்டோனிலிருந்து எடுத்ததும் காயவிடக் கூடாது. அது சட்டென்று ஆவியாகி, தான் கரைத்து வைத்திருந்த அழுக்கையெல்லாம் கண்ணாடியிலேயே வளையம் வளையமாக விட்டுவிட்டுப் போகும். ஈரமாக இருக்கும்போதே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு மாற்றி இன்னொரு 10 நிமிடம். பிறகு நைட்ரஜன் சிலிண்டர் இருந்தால் அதனால் ஊதிக் காயவையுங்கள். இல்லையென்றால் தூசி இல்லாத அடுப்பில் 110 டிகிரியில் வையுங்கள். வாயால் ஊதி உலர்த்த வேண்டாம், துணியால் துடைக்கவே வேண்டாம்.

கடைசிச் சோதனைக்கு மட்டும் வாய் உதவும். கூடக் கழுவிய ஒரு உதிரி ஸ்லைடை எடுத்து அதன்மேல் மெதுவாக மூச்சு விடுங்கள். படியும் ஆவி சீராக, சாம்பல் நிறத்தில் படிந்து சீராகவே மறைந்தால் அந்தத் தொகுதி தயார். கோடோ புள்ளியோ தெரிந்தால் தயார் இல்லை.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நான் பூசிய முதல் அலுமினிய ஆடி அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. மூன்று வாரம் கழித்து டெசிகேட்டரிலிருந்து (ஈரம் புகாத ஜாடி) எடுத்தபோது ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, அச்சில் வார்த்ததுபோல. ஸ்லைடை ஹோல்டரில் வைக்கும்போது கையுறை இல்லாமல் ஒரே ஒரு நொடி தொட்டிருந்தேன். அந்த ரேகையைத் தொடங்குமிடமாக வைத்துத்தான் படலம் உரிய ஆரம்பித்திருந்தது.

போட், ஃபிலமென்ட், கிரிஸ்டல்

மெக்னீசியம் ஃபுளோரைடுக்கு மாலிப்டினம் போட் நல்லது. அந்தப் பொருள் 1263 டிகிரியில் உருகும், மாலிப்டினம் 2600-ஐத் தாண்டித்தான் உருகும், அதனால் கவலை இல்லை. பொடியாக வேண்டாம், சின்னச் சின்னக் கட்டிகளாக வாங்குங்கள். பொடி சூட்டில் தெறித்து, கண்ணாடி மேல் வெள்ளைப் புள்ளிகளாக விழும்.

அலுமினியம் கதையே வேறு. 660 டிகிரியில் உருகி, டங்ஸ்டன்மேல் தண்ணீர்போலப் பரவி, அதோடு கலந்து அதையே அரிக்கும். ஒற்றைக் கம்பியாக இருந்தால் பாதி வேலையில் அறுந்துவிடும். மூன்று இழை முறுக்கிய டங்ஸ்டன் சுருளை எடுத்து, அலுமினியக் கம்பியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஹேர்பின்போல மடக்கி ஒவ்வொரு சுற்றிலும் மாட்டுங்கள். சுருளை முதல் தடவை பயன்படுத்தும் முன் வெறுமனே வெற்றிடத்தில் வெள்ளைச் சூடு வரைக்கும் ஏற்றி எரித்துவிடுங்கள்.

தடிமன் அளக்கக் குவார்ட்ஸ் கிரிஸ்டல் மானிட்டர். 6 மெகாஹெர்ட்ஸில் அதிரும் கிரிஸ்டல்மேல் படலம் ஏற ஏற எடை கூடி அதிர்வெண் குறையும். 100 நானோமீட்டர் மெக்னீசியம் ஃபுளோரைடுக்குச் சுமார் 2600 ஹெர்ட்ஸ் இறங்கும். மானிட்டரில் அடர்த்தியை மாற்ற மறக்காதீர்கள். முந்தின ஆள் தங்கம் பூசிவிட்டுப் போயிருந்தால் அதில் 19.3 என்று நிற்கும், நீங்கள் அப்படியே பூசினால் மானிட்டர் காட்டுவதைவிட ஆறு மடங்கு தடிமனாகப் பூசிவிடுவீர்கள். கிரிஸ்டலும் கண்ணாடியும் ஒரே இடத்தில் இல்லாததால் ஒரு திருத்தக் காரணியும் உண்டு. அதை முதல் படலத்தை வேறு வழியில் அளந்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும், மேனுவலில் இருக்காது.

வெற்றிடம் இறக்குதல்

காற்றுக்குள் ஆவியாக்கினால் அணுக்கள் காற்று மூலக்கூறுகளோடு மோதி நடுவழியிலேயே நின்றுவிடும். 10⁻² மில்லிபாரில் ஒரு மூலக்கூறு மோதாமல் போகும் தூரம் ஒரு செ.மீ. கூட இல்லை. 10⁻⁵-க்கு வந்தால் 6 மீட்டருக்கு மேல், 20 செ.மீ. பயணத்துக்கு அது தாராளம்.

முதலில் காற்றை இழுக்கும் ரோட்டரி பம்ப், அதற்கு மேல் கொதிக்கும் எண்ணெயின் ஆவியால் மிச்சத்தை இழுக்கும் டிஃப்யூஷன் பம்ப் என்ற பழைய அமைப்பு இன்னும் பல கல்லூரிகளில் இருக்கிறது, அதையே சொல்கிறேன். எல்லா வால்வும் மூடியிருக்கிறதா பாருங்கள். ரோட்டரியைப் போட்டு, அதை டிஃப்யூஷன் பம்போடு இணைக்கும் பேக்கிங் வால்வைத் திறந்து, டிஃப்யூஷன் பம்பின் உள்ளே 0.05 மில்லிபார் வரும்வரை இழுங்கள். குளிர்நீரைத் திறந்து, வெளியே வரும் குழாயில் தண்ணீர் உண்மையிலேயே ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே ஹீட்டரைப் போடுங்கள். எண்ணெய் கொதிக்க அரை மணி நேரம் ஆகும். அதற்குள் பெல் ஜாருக்குள் (பூச்சு நடக்கும் பெரிய கண்ணாடிக் குடுவை) போட், சுருள், கண்ணாடிகளை வைத்து, ரப்பர் கேஸ்கெட்டில் தலைமுடியோ தூசியோ இல்லையென்று விரலால் தடவிப் பார்த்து மூடுங்கள். ஜாரைச் சுற்றி வரும் இரும்புக் கூண்டையும் கட்டாயம் மாட்டுங்கள், ஜார் உடைந்தால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கி எல்லாப் பக்கமும் தெறிக்கும்.

இப்போது பேக்கிங்கை மூடிவிட்டு, ரோட்டரியை நேராக ஜாரோடு இணைக்கும் ரஃபிங் வால்வைத் திறங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது. 0.1 மில்லிபாருக்குக் கீழே வந்ததும் குளோ டிஸ்சார்ஜ் இருந்தால் ஐந்து நிமிடம் போடுங்கள். ஜாருக்குள் பரவும் அந்த ஊதா ஒளி கண்ணாடியை அயனிகளால் அடித்துக் கடைசி அழுக்கையும் விரட்டும். அது கிலோவோல்ட் கணக்கில் மின்சாரம், அந்த நேரம் யூனிட்டில் கை வைக்காதீர்கள். 0.05-க்கு வந்ததும் ரஃபிங்கை மூடு, பேக்கிங்கைத் திற, பிறகு டிஃப்யூஷன் பம்புக்கும் ஜாருக்கும் நடுவில் உள்ள ஹை-வேக்குவம் வால்வை மெதுவாக, மிக மெதுவாகத் திற. இந்த வரிசையை ஒரு அட்டையில் எழுதி யூனிட்டில் ஒட்டி வையுங்கள்.

ஒருநாள் மாலை, கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், ஹை-வேக்குவம் வால்வை மூடாமலே காற்று விடும் திருகைத் திறந்துவிட்டேன். 'புஸ்' என்ற சத்தம், அடுத்த நொடி கருகிய வாசனை. கொதித்துக்கொண்டிருந்த எண்ணெய்மேல் காற்றுப் பட்டு முழுவதும் கெட்டுப்போனது. பம்பைக் கழற்றி, உள்ளே அடுக்கடுக்காக ஒட்டியிருந்த பழுப்புப் பிசினைச் சுரண்டிக் கழுவி, புது எண்ணெய் ஊற்றி மறுபடி 10⁻⁵ பார்க்க ஒன்பது நாள் ஆனது. அன்றைக்குத்தான் அந்த அட்டை எங்கள் யூனிட்டில் ஏறியது. காற்று விடும் திருகில் கை வைக்கும்போது ஹை-வேக்குவம் வால்வின் கைப்பிடியை இன்னொரு கையால் தொட்டு உறுதிசெய்வது இன்றும் எனக்குப் பழக்கம்.

பூசும் நேரம்

மெக்னீசியம் ஃபுளோரைடு: கண்ணாடியை 250 முதல் 300 டிகிரிக்குச் சூடாக்கியிருக்க வேண்டும். சூடில்லாத கண்ணாடியில் பூசினால் படலம் பஞ்சுபோல இடைவெளியோடு வளரும், துணி பட்டாலே போய்விடும். ஷட்டரை (ஆவி கண்ணாடிக்குப் போகாமல் மறைக்கும் தகடு) மூடி வைத்து மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். போட் மங்கிய சிவப்புக்கு வரும்போது அழுத்தம் ஏறும், உள்ளே இருந்த ஈரம் வெளியேறுகிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திக் காத்திருங்கள். அழுத்தம் திரும்ப இறங்கிய பிறகு இன்னும் ஏற்றி, வீதம் விநாடிக்கு அரை முதல் ஒரு நானோமீட்டரில் நிலைத்ததும் ஷட்டரைத் திறங்கள்.

மானிட்டர் இல்லாத காலத்தில் கண்ணாலேயே பார்த்துப் பூசினார்கள், நீங்களும் ஒருமுறை பாருங்கள். வெள்ளை விளக்கின் பிம்பத்தைக் கண்ணாடியில் கவனித்தால், படலம் ஏற ஏற அது முதலில் வைக்கோல் நிறமாகி, பிறகு செம்பழுப்பாகி, 100-ஐ நெருங்கும்போது ஊதாவுக்கு வரும். விட்டுவிட்டால் நீலத்துக்குப் போய்விடும். ஊதாவில் ஷட்டரை மூடுங்கள். அந்த நிறம் மாறும் சில விநாடிகளுக்காகவே இந்தத் துறையில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

அலுமினியம்: இதற்கு எல்லாமே தலைகீழ். கண்ணாடியைச் சூடாக்கக் கூடாது, சூடாக்கினால் படிகங்கள் பெரிதாகி ஆடி பால்போல மங்கும். வீதமும் மெதுவாக இருக்கக் கூடாது. 10⁻⁵ மில்லிபாரில்கூட மிச்சமிருக்கும் வாயு, ஒரு பரப்பை ஒரு அடுக்கு மூடும் அளவுக்கு மோத ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் போதும். நீங்கள் விநாடிக்கு ஒரு அணு அடுக்கு என்று மெதுவாகப் பூசினால், ஒவ்வொரு அலுமினிய அடுக்குக்கும் மூன்று அடுக்கு வாயு மோதியிருக்கும், படலம் கறுத்துவிடும். ஷட்டர் மூடிய நிலையில் அலுமினியம் உருகிச் சுருளில் பரவும்வரை பொறுத்திருந்து, பிறகு மின்னோட்டத்தைச் சட்டென்று ஏற்றி ஷட்டரைத் திறங்கள். விநாடிக்கு 5 நானோமீட்டர் கிடைத்தால் 20 விநாடியில் வேலை முடியும். சுருளை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், வெல்டிங் கண்ணாடி வழியாகப் பாருங்கள்.

மின்முனையாகப் பூசுகிறீர்கள் என்றால் மேலே, மின்முனையின் வடிவத்தில் துளையிட்ட உலோக மாஸ்க் வரும். மாஸ்க்குக்கும் சாம்பிளுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் விளிம்பு நிழல்போல மங்கிப் பரவி, பக்கத்து மின்முனையோடு ஒட்டிக்கொள்ளும். நன்றாக அழுத்திப் பிடிக்கும் கிளிப் போடுங்கள். தங்கமோ வெள்ளியோ கண்ணாடியில் நேரடியாக ஒட்டாது, அடியில் 5 முதல் 10 நானோமீட்டர் குரோமியம் வேண்டும்.

தொலைநோக்கி ஆடிகளுக்கும் இதே வேலைதான், அளவு மட்டும் பெரிது. மவுண்ட் வில்சனின் 100 அங்குல ஆடிக்கு 1935-இல் ஜான் ஸ்ட்ராங் வெள்ளிக்குப் பதிலாக அலுமினியம் பூசினார். நம் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மை ஆடிக்கும் அலுமினியம்தான், பூசுவதற்கான வெற்றிடக் கலத்தை மலைமேலேயே வைத்திருக்கிறார்கள். வெள்ளி கண்ணுக்குத் தெரியும் ஒளியை இன்னும் அதிகமாகத் திருப்பும், ஆனால் காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுத்துவிடும். அலுமினியம் சுமார் 90 சதவீதம் திருப்பினாலும், தன்மேல் தானே இரண்டு மூன்று நானோமீட்டர் ஆக்சைடு வளர்த்துக்கொண்டு நின்றுவிடுகிறது.

எல்லாப் பொருளையும் இப்படிச் சுட்டுப் பூச முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். போன் திரையில் இருக்கும் ஒளி ஊடுருவும் மின்முனை, இண்டியம் ஆக்சைடில் 10 சதவீதம் டின் ஆக்சைடு கலந்தது. போட்டில் சுட்டால் அந்தக் கலவை சிதைந்துவிடும், அதனால் ஆர்கான் பிளாஸ்மாவால் இலக்கை அடித்துப் பெயர்க்கும் ஸ்பட்டரிங் முறையில் பூசுகிறார்கள். மாடியில் இருக்கும் சோலார் பேனல் கருநீலமாக இருப்பதும் படலத்தால்தான். வெறும் சிலிக்கான் 30 சதவீதத்துக்கு மேல் ஒளியைத் திருப்பிவிடும், அதன்மேல் 75 நானோமீட்டர் அளவில் சிலிக்கான் நைட்ரைடு. ஒளிவிலகல் எண்ணை 2 என்று வைத்து, மேலே போட்ட அதே கால் அலைநீளக் கணக்கை 600 நானோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள், அந்த 75 வரும்.

திறப்பதும் சோதிப்பதும்

கண்ணாடி 60 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை திறக்காதீர்கள். சூட்டோடு காற்றுப் பட்டால் படலம் விரிசல் விடும். பம்பை நிறுத்தும்போதும் ஹீட்டரை அணைத்த பிறகு முக்கால் மணி நேரம் ரோட்டரியும் தண்ணீரும் ஓட வேண்டும். அப்புறம் பேக்கிங்கை மூடி, ரோட்டரியை நிறுத்தி, உடனே அதற்குள் காற்று விடுங்கள், இல்லையென்றால் அதன் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும்.

ஒட்டுதலுக்கு செல்லோடேப் போதும். படலத்தின் ஓரத்தில் ஒட்டி, நகத்தால் அழுத்தி, சட்டென்று இழுங்கள். டேப்பில் எதுவும் வராவிட்டால் கழுவியது சரி. மெக்னீசியம் ஃபுளோரைடை ஸ்பெக்ட்ரோமீட்டரில் வையுங்கள். வெறும் கண்ணாடி 92 சதவீதம் ஒளியை விட்டால், ஒரு பக்கம் பூசியது 550-இல் 94.5-ஐத் தொட வேண்டும், இரு பக்கமும் பூசியது 97.5. உச்சம் 550-இல் இல்லாமல் 500-இல் இருந்தால் தடிமன் 90 தான் ஏறியிருக்கிறது. மேலே சொன்ன திருத்தக் காரணி உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

அலுமினியத்தை நான்கு ஊசி முறையில் அளக்கலாம். வோல்டேஜை மின்னோட்டத்தால் வகுத்து 4.53-ஆல் பெருக்கினால் தகட்டு மின்தடை. கட்டி அலுமினியத்தின் மதிப்பை வைத்தால் 100 நானோமீட்டருக்கு 0.27 ஓம் வரும். உங்களுக்கு 0.35, 0.4 என்று வந்தால் நல்ல படலம். 1 ஓமைத் தாண்டினால் வெற்றிடமோ வீதமோ சரியில்லை, கசிவு தேடத் தொடங்குங்கள். 10 மில்லியாம்பியருக்குக் கிடைப்பது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு என்பதால் சாதாரண மல்டிமீட்டரை நம்பாதீர்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதி, போட்ட எடை, உயரம், பூசும்போது இருந்த அழுத்தம், மின்னோட்டம், வீதம், கண்ணாடியின் சூடு, எத்தனை விநாடி என்பதை அன்றே நோட்டில் எழுதிவிடுங்கள். சாம்பிளின் பின்பக்கம் வைர ஊசியால் எண்ணைக் கீறி, டெசிகேட்டரில் படலம் மேலே பார்க்க வையுங்கள். உள்ளே இருக்கும் நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் முதலில் அதை 120 டிகிரி அடுப்பில் நீலமாகும்வரை காயவைத்துவிட்டு, பிறகு சாம்பிளை வையுங்கள்.